விட்டுக்கொடுத்தது எதை?

பல அமைப்புகள் ஒன்று கூடிவிட்டால் வெற்றி நமதே என்று எண்ணுவோர் உளர். தோழர்களே, கூடுவது எளிது. யார் எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி எழும்போதுதான் கூட்டணியின் வலு தெரியும்.

1963 ஆகஸ்ட் 28 அன்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை கேட்டு வாஷிங்டனில் இரண்டரை இலட்சம் பேர் திரண்டதை உலகறியும். மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சையும் உலகறியும். அதற்கு முன்பு தலைவர்களிடையே நடந்ததை அறிந்தோர் சிலரே.

பேரணியைத் திட்டமிடும் ஆற்றல் பேயார்டு ரஸ்டினுக்கு இருந்தது. ஆனால், இளமையில் கம்யூனிஸ்ட் இளைஞர் அணியில் இருந்தவர். போருக்குச் செல்ல மறுத்துச் சிறை கண்டவர். தன்பால் விருப்பினர் என்பதால் 1953இல் கைதானவர். எதிரிக்கு நாமே கல்லெடுத்துக் கொடுப்பதா என்று அஞ்சினார் ராய் வில்கின்ஸ். அந்த அச்சம் பொய்யன்று. என்ன செய்தார் முதியவர் பிலிப் ராண்டால்ஃப்? தலைமைப் பொறுப்பைத் தாமே ஏற்றார். துணைவராக ரஸ்டினை அமர்த்திக்கொண்டார்! செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டு ரஸ்டினைத் தூற்றியபோதும் கைவிடவில்லை. பட்டம் மாறிற்று, ஆள் மாறவில்லை.

பேரணி நாளன்றே மற்றோர் இடர். மாணவர் இயக்கத் தலைவர், 23 வயது ஜான் லூயிஸ் எழுதிவந்த உரை, கென்னடி அரசின் சட்ட முன்வடிவு போதாது என்று சாடிற்று. அப்படியானால் மேடையேறேன் என்றார் பேராயர் ஓபாயில். ராண்டால்ஃப் இளைஞரிடம் மன்றாடினார். 1941இலேயே இத்தகைய பேரணிக்குத் திட்டமிட்டு, 22 ஆண்டுகள் காத்திருந்தவரல்லவா! லூயிஸ் சொற்களை மாற்றினார். கோழைத்தனமா? அன்று. மாற்றிய பின்னும் அந்த உரையில் அனல் இருந்தது; கோரிக்கை ஒன்றும் குறையவில்லை.

தொழிற்சங்கப் பேரவை ஆதரவு தர மறுத்தது. மோட்டார்த் தொழிலாளர் தலைவர் வால்டர் ரூதர் வந்தார். எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தால் எந்தப் பேரணியும் புறப்படாது.

ஆனால் அந்த மேடைக்கு ஒரு கறை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. முதன்மைப் பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லை. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரே பெண்ணான அன்னா ஹெட்ஜ்மன் கடிதம் எழுதியே முறையிட்டார். நாளை நீங்களும் ஒரு கூட்டுக் குழுவில் அமரக்கூடும், எண்ணிப் பாருங்கள். சொல்லைத் துறக்கலாம், பட்டத்தைத் துறக்கலாம். உடனுழைத்தவரைத் துறப்பதற்கு விட்டுக்கொடுத்தல் என்றா பெயர்?

முறையீட்டுக்குப் பின், மகளிருக்கென ஒரு பாராட்டை மட்டும் நிகழ்ச்சியில் சேர்த்தனர். 1957இல் லிட்டில் ராக் பள்ளிப் போராட்டத்தில் மாணவர்களுக்குத் துணைநின்ற டெய்சி பேட்ஸ் எழுந்து, சில வரிகள் பேசி அமர்ந்தார்.