ஆங்கிலத் தொடர்களும் நம் எழுத்தும்

ஆங்கிலத் தொடர்களை நெட்டுருப் போடுவதில் நம் மாணவர்களுக்கு நிகர் எவருமில்லை. அவற்றை வாக்கியத்தில் பொருத்தி எழுதச் சொன்னால்தான் பேனா நின்றுவிடுகிறது. 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்' என்று விடுப்புக் கடிதம் பழகிய ஒருவன், அக்காள் திருமணத்துக்கும் அதையே எழுதினானாம். திருமணத்தால் அவதிப்படுகிறான் என்றாயிற்று! பழைய வேடிக்கைதான், ஆனால் நோய் இன்னும் தீரவில்லை.

தமிழில் சிந்திப்பதே இதற்குக் காரணம், ஆதலால் ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்பார் உளர். நான் இதை ஒப்பவில்லை. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று தமிழிலும் பன்மையில்தான் சொல்கிறோம். அதை எண்ணிப் பார்ப்பவர் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்றே எழுதுவார். 'ஃப்ரெண்ட்' என்று ஒருமையில் விடுபவர் எந்த மொழியிலும் சிந்திக்கவில்லை.

தமிழ் இடறிவிடும் இடங்களும் உண்டு. ஆய்வகக் குறிப்பேட்டில் ஓம் விதியின்படி என்பதற்கு 'அக்கார்டிங் டு ஓம்ஸ் லா' என்கிறோம்; சரி. அதே பழக்கத்தில், என் கருத்துப்படி என்பதற்கு 'அக்கார்டிங் டு மை ஒப்பீனியன்' என்கிறோம், தவறு. விதிக்கும் நூலுக்கும் பிறர் கூற்றுக்குமே அத்தொடர் உரியது. தன் கருத்துக்கு 'இன் மை ஒப்பீனியன்' என்றே வர வேண்டும். நம் 'படி' இரண்டுக்கும் உதவுகிறது, ஆங்கிலம் பிரித்துவிடுகிறது. 'டிஸ்கஸ் அபவுட்' என்பதிலும் நம் 'பற்றி'தான் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இதை விளக்க ஒரு நிமிடத் தமிழ் போதும்.

எங்கள் செலியமேடு பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. எங்கள் பெரியவர்கள் காலத்து அலுவலக மொழியும் பிரெஞ்சே. எது பொருந்தும், எது பொருந்தாது என்று வீட்டில் காதால் கேட்டே ஆங்கிலம் அறியும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆதலால் தெருவில் எவருக்கு விண்ணப்பம் தேவையென்றாலும் என்னிடமே வருகிறார்கள். தமிழிலேயே தரலாமே என்றால் கேட்பதில்லை; 'டூ த நீட்ஃபுல்' என்று முடித்தால்தான் அவர்களுக்கு நிறைவு. அத்தொடர் பிழையன்று, இங்கிலாந்தில் வழக்கொழிந்து நம் அலுவலகங்களில் நிலைத்தது. ஆயினும் ஆவன செய்க என்றால் போதுமா? ரேஷன் அட்டையில் பெயரைச் சேர்க்கவா, நீக்கவா? எழுதியிருப்பதைப் படிக்க இயலாதவர் நம்பிக் கையெழுத்திடும் தாள் அது.

ஆங்கில ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். தொடரைக் கரும்பலகையில் எழுதும்போது பொருளோடு நிறுத்தாதீர்கள். அது பொருந்தும் வாக்கியம் ஒன்றையும் பொருந்தாத வாக்கியம் ஒன்றையும் எழுதி, காரணத்தைத் தமிழில் சொல்லுங்கள். வாரத்துக்கு ஐந்து தொடர் போதும்.