பாஞ்சாலங்குறிச்சிக்குப் பின்னும் தமிழன் கொடியனா?

கட்டபொம்மன் 1799 அக்தோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801 மேத் திங்களில் ஊமைத்துரையின் கோட்டையும் வீழ்ந்தது. வென்றவன் அதை மண்ணோடு மண்ணாக்கினான். ஊரின் பெயரையே ஆவணங்களினின்று நீக்கினான். தன் நிலத்தைக் காத்தவனைக் ‘கலகக்காரன்’ என்று ஏட்டில் எழுதினான். வாள் வென்றது ஒருமுறை. எழுதுகோல் வென்றதோ ஒரு நூற்றாண்டுக்கு மேல்! 1974-இல் தமிழ்நாட்டரசு அங்கே நினைவுக்கோட்டை எழுப்பியபோதுதான் அப்பழிக்கு விடை கிடைத்தது.

இன்று அவ்வெழுதுகோலின் இடத்தில் ஒளித்திரை நிற்கின்றது. கரிசற்காட்டுச் சிற்றூரிலும் கைப்பேசி வழியே குருதி கொட்டும் தொடர்கள் நுழைகின்றன. அவற்றில் தமிழனுக்குக் கிடைத்த வேடம் எது?

2011-இல் வந்த ‘ரா.ஒன்’ என்னும் இந்திப் படத்தை எண்ணிப் பாருங்கள். அதில் சேகர் சுப்பிரமணியம் என்னும் தமிழன் நூடுல்சில் தயிரைப் பிசைந்து கையால் உண்ணும் கோமாளி. அவன் இறந்த பின்னரே அவன் முகத்தோடு மீவலி வீரன் தோன்றுகின்றான். 2021 சூன் 4-இல் அமேசான் நிறுவனம் வெளியிட்ட ‘தி பேமிலி மேன்’ இரண்டாம் பகுதியிலோ கோமாளி கொலையாளி ஆனான். ஈழப் போராளிகள் பாக்கித்தான் உளவுத்துறையோடு கைகோத்துச் சென்னையில் இந்தியத் தலைமை அமைச்சரைக் கொல்ல முனைகின்றனராம்! அத்தொடரில் தமிழ் உரையாடல் மிகுதி. போரில் சிதைந்த பெண்ணின் துயரும் உண்டு. மறுக்கவில்லை. ஆயினும் துயர் தமிழச்சிக்கு, நாடு காக்கும் பெருமை தில்லி உளவாளிக்கு என்று பங்கு பிரித்தது ஏன்?

அதே நிறுவனம் அமெரிக்காவில் 2019 முதல் ‘தி பாய்சு’ என்னும் தொடரை வெளியிட்டது. அந்நாட்டுக் கொடியையே மேலாடையாகப் போர்த்த மீவலியன் ஒருவன் அதில் கொடுங்கொலை புரிகின்றான். நாட்டுப்பற்றை விலைப்பொருளாக்கும் அரசியலையும் வணிகத்தையும் அது எள்ளுகின்றது. அக்கொடியனையே தலைவனாகக் கொண்டாடிய பார்வையாளரும் அங்கே உண்டு; குருதியின் சுவை பகடியை விழுங்கியது. எனினும் அதன் அம்பு வலியவன் மீதே பாய்ந்தது.

இங்கே அவ்வம்பு திசை மாறியது. 2021 சனவரியில் வந்த ‘தாண்டவ்’ தொடர் தில்லி அரசியலைத் தொட்டது. வடக்கே வழக்குகள் எழுந்தன. உடனே காட்சிகள் வெட்டப்பட்டன. மார்ச்சில் அமேசான் மன்னிப்பும் கேட்டது. அதே ஆண்டு மே 24-இல் தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராசு ‘பேமிலி மேன்’ தொடரைத் தடுக்க வேண்டி ஒன்றிய அமைச்சர்க்கு மடல் எழுதினார். தொடரோ குறித்த நாளில் வெளிவந்தது. வடவர்க்கு ஓர் அளவுகோல், தமிழர்க்கு வேறோர் அளவுகோலா?

அங்கதம் தமிழர்க்குப் புதிதன்று. செம்பொருள், பழிகரப்பு என அதனை இரண்டாக வகுத்தது தொல்காப்பியம். படைவலி காட்டிச் செருக்கிய தொண்டைமானின் அவையில், நெய் பூசிப் பீலி சூட்டிய அவன் வேல்களைப் புகழ்வதுபோல் பழித்தாள் ஔவை. போரில் முனை முறிந்த அதியமானின் வேல்களோ கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றாள். அரியணையை நோக்கி எய்வதே அங்கதம். வீழ்ந்து கிடப்பவனை மிதிப்பது அங்கதமன்று, அடிமைப் பணி.

நம் கையிலும் கறை உண்டு. ‘எட்டப்பன்’ என்பது எட்டயபுர ஆட்சியாளர் வழிவழியாகத் தாங்கிய பட்டப்பெயர். அதனை இரண்டகன் என்னும் பொருட்பெயராக்கி, பாரதி பிறந்த ஊரையே பழிக்கும் பேச்சு நம் மேடைகளிலும் திரைகளிலும் ஓயவில்லை. ஒருவன் செய்ததை ஊரின் தலையில் ஏற்றும் அதே நோயன்றோ இது? பிறர் நம்மை அச்சில் வார்க்கும்போது சினந்தெழும் நாம், நம் அண்டையூரை அச்சில் வார்க்கலாமா?

தமிழர்களே! தடை கேட்டு மடல் எழுதுவதோடு கடமை முடிவதில்லை. இழிவைக் காசு கொடுத்து வாங்காதீர்! மாணவர்க்குப் பாடலோடு படத்தையும் ஆராயக் கற்பியுங்கள். எவன் வீரன், எவன் கொடியன், அவ்வாறு வகுத்தவன் எவன் என்று கேட்கப் பழக்குங்கள். நம் கதையை நம் மொழியில் நாமே எழுதுவோம்! இடித்த கோட்டையைச் சில நாள்களில் மீண்டும் எழுப்பியவன் ஊமைத்துரை. அவன் பிறந்த மண்ணுக்குக் கதை சொல்லத் தெரியாதா?