தவறிய பின் திரும்பும் வழி

காரின் குளிர்விப்பு அமைப்பைத் தாமே பழுதுபார்க்க முனைவோருக்கான வழிகாட்டிகளில் ஒரு பொதுக் குறை உண்டு. எதை முதலில் கழற்ற வேண்டும், எதை இறுதியில் முறுக்க வேண்டும் என்பதை அவை வரிசையாகச் சொல்கின்றன. அந்த வரிசையில் ஓரிடத்தில் கை தவறிவிட்டால் எங்கிருந்து, எப்படித் திரும்புவது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பழுதுபார்க்கும் நூல்களுக்கு மட்டுமன்று, ஆய்வுமுறை நூல்களுக்கும் இக்குறை பொருந்தும். ஆகவே இது பட்டறைக்குள் முடிந்துவிடும் செய்தியன்று.

மட்டாஞ்சேரியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அரபிக் கடலுக்கும் காயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மேற்குக் கொச்சியில் பல இடங்களில் கிணற்று நீர் உவர்ப்பானது. குடிநீருக்குக் குழாயையும் லாரியையும் எதிர்பார்த்திருக்கும் தெருக்கள் அங்கு உண்டு. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எனப் பல மொழிகள் சில தெருக்களுக்குள் அடுத்தடுத்துப் பேசப்படும் இடமும் அதுவே. டச்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் வந்து குடியேறியதாகத் தம் வரலாற்றைச் சொல்லும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் தோபிகானா பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் இன்றும் இயங்குகிறது. நீரும் மொழியும் ஒன்றோடொன்று பின்னிய ஊர் எனலாம். இங்கு பேசப்போகும் தவறும் நீரிலும் மொழியிலுமாகத்தான் நிகழ்கிறது.

அத்தகைய தெருவொன்றில் எவருக்கும் நேரக்கூடிய காட்சி இது. ஒரு குடும்பத்தின் பழைய சிறு காரில் ரேடியேட்டரின் கீழ்க்குழாய் வெடித்துக் கசிகிறது. வீட்டு இளைஞர் காணொளி ஒன்றைப் பார்த்துப் புதுக் குழாயை மாட்டுகிறார். கிளிப்புகளைச் சரியாகவே முறுக்குகிறார். பிறகு வீட்டுக் கிணற்று நீரைக் கழுத்துவரை ஊற்றி, மூடியை மூடி, உடனே வண்டியை எடுத்துவிடுகிறார். தோப்பும்படிப் பாலத்தை நெருங்கும் நெரிசலில் வெப்பநிலை முள் திடீரெனச் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது.

இதில் இரண்டு தவறுகள் உள்ளன. முதலாவது, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் மூடியை மூடியது. திரவம் தொட வேண்டிய இடத்தில் காற்று நின்றால் சூடு கடத்தப்படாது. வாட்டர் பம்ப்பும் சுழற்சியை இழக்கும். வெப்ப உணரி காற்றில் நிற்குமாயின் முள் முதலில் அமைதியாக இருந்து, பிறகு ஒரேயடியாகத் தாவும். இரண்டாவது, கிணற்று நீரை ஊற்றியது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். உவர்நீரிலுள்ள குளோரைடு அப்படலத்தை ஆங்காங்கே உடைத்து உலோகத்தில் நுண்குழிகளை உண்டாக்கும். முதல் தவறு அன்றே தன்னைக் காட்டிக்கொள்ளும். இரண்டாவது மாதக்கணக்கில் மறைந்திருந்து வேலை செய்யும்.

முதல் தவறு கைத்தவறு. இரண்டாவது அப்படிப்பட்டதன்று. மொழி கற்போரின் தவறுகளைப் பற்றி எஸ். பி. கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை, தற்செயலான சறுக்கலையும் கற்பவரின் மனத்திலுள்ள விதியிலிருந்தே எழும் பிழையையும் வேறுபடுத்தியது. கிணற்று நீரை ஊற்றியது பின்னதைச் சார்ந்தது. அவ்விதியைக் கொடுத்தது ஒரு சொல். தமிழர் பட்டறையில் 'ரேடியேட்டருக்குத் தண்ணி பாத்தீங்களா?' என்பார்கள். மட்டாஞ்சேரிப் பட்டறையில் 'வெள்ளம் ஒழிச்சோ?' என்பார்கள். தமிழ்க்காதுக்கு வெள்ளத்தை ஒழித்தது போல் ஒலித்தாலும், மலையாளத்தில் 'நீர் ஊற்றினாயா' என்பதே அதன் பொருள். இரு மொழிகளிலும் அத்திரவத்தின் பெயர் நீர்தான். பெயர் நீராக இருக்கையில் நீரை ஊற்றியவரை அறிவிலி எனல் முறையாகாது.

தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப், 1941இல் வெளிவந்த தம் கட்டுரையில் இதையொத்த நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். நிரம்பிய பெட்ரோல் பீப்பாய்களின் அருகே எச்சரிக்கையாக இருந்தவர்கள், 'காலி' எனப்பட்ட பீப்பாய்களின் அருகே கவலையின்றிப் புகைத்தார்கள். வெடிக்கும் ஆவி நிறைந்திருந்ததால் காலிப் பீப்பாயே அதிக ஆபத்தானது. மொழி சிந்தனையை முற்றாகத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை ஏற்காதவர்களும், ஒரு பெயர் கையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்கு இவ்வெடுத்துக்காட்டை மறுக்க இயலாது.

'உறைபனியே இல்லாத கொச்சியில் உறைதடுப்பான் எதற்கு?' என்ற வாதமும் பெயரிலிருந்தே பிறக்கிறது. கூலன்ட் செய்யும் வேலைகளில் உறைவதைத் தடுப்பது ஒன்று மட்டுமே. அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்கள் உலோகத்தைக் காக்கின்றன. கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடி காக்கும் ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தனி நீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்; பாதிக்குப் பாதி கலந்த கிளைக்கால் கலவை 129 டிகிரிக்கு அருகில் கொதிக்கும். நெரிசலில் நிற்கும் வண்டிக்கு அந்த இடைவெளி பெரிது.

இனித் திரும்பும் வழி. பேச்சில் தவறிய ஒருவர் தம்மைத் திருத்திக்கொள்ளும் முறையை வில்லெம் லெவெல்ட் 1983இல் 959 எடுத்துக்காட்டுகளைக் கொண்டு ஆராய்ந்தார். தவறு தெரிந்ததும் பேச்சை நிறுத்துதல், சிறிது தயங்கி அளவிடுதல், உரிய இடத்துக்குப் பின்சென்று திருத்திச் சொல்லுதல் என மூன்று கட்டங்களை அவர் காட்டினார். எஞ்சினுக்கும் இவ்வரிசை பொருந்துகிறது.

நிறுத்துதல்: ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்த வேண்டும். 'வீடு பக்கந்தானே' என்று ஓட்டும் சில நிமிடங்களே சிலிண்டர் ஹெட்டை வளைக்கப் போதுமானவை. உடனே ஒதுங்க இடமில்லாவிட்டால் ஹீட்டரை முழுமையாகத் திறந்துவிட்டால் ஓரளவு சூடு அதன் வழியே வெளியேறும். முள் ஏறிய நிலையிலும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால், உள்ளே காற்று சிக்கியிருக்கலாம் அல்லது திரவம் குறைந்திருக்கலாம்.

அளவிடுதல்: இக்கட்டத்தில்தான் பதற்றம் இரண்டாம் தவறைச் செய்விக்கிறது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று நீங்கி, உள்ளிருக்கும் திரவம் ஆவியாகப் பொங்கி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணலாம். ஆகவே காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் என்பது குறைந்த அளவே. மேல்குழாய் தொடக்கூடிய சூட்டுக்கு வந்து, அமுக்கினால் மென்மையாக இருக்கும் வரை மூடியில் கை வைக்கலாகாது. ஆறிய பின், ஆயில் மூடியின் அடியிலோ அளவுகோலிலோ பால்கலந்த காப்பி நிறம் தெரிகிறதா, புகைபோக்கியில் நீங்காத வெண்புகை வருகிறதா, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றிருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டை ஐயுற்று, வண்டியை இழுத்துச் சென்று பட்டறையில் விடுவதே முறை. தானே செய்யும் வேலையின் எல்லை அதுதான்.

பின்சென்று திருத்துதல்: அடையாளங்கள் எவையும் இல்லையெனில், ஊற்றிய நீர் முழுவதையும் வடிக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் வடிக்க வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அதற்கு முன் வடித்தால் எஞ்சினுக்குள் தேங்கிய உவர்நீர் அங்கேயே இருந்துவிடும். பிறகு வண்டிக் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டை நிரப்ப வேண்டும். பச்சை, இளஞ்சிவப்பு என நிறம் பார்த்து வாங்குவது பிழை. நிறத்துக்குப் பொதுவான தரவிதி எதுவும் இல்லை. இறுதியில், வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைத் திறந்துவைத்து, காற்று நீக்கும் திருகு இருப்பின் அதன் வழியே குமிழியற்ற திரவம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்த சில காலைகளில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளவைப் பார்த்து வர வேண்டும். வடித்த திரவத்தில் பழைய கூலன்ட் கலந்திருக்கும். இனிப்புச் சுவையுடைய அந்த நஞ்சை நாயும் பூனையும் நக்கிச் சாகும். தெருச்சாக்கடை ராமேஸ்வரம் கால்வாய்க்கும் காயலுக்கும் போகும் ஊரில், அதை மூடியுள்ள கலத்தில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைப்பதும் திருத்தத்தின் ஒரு பகுதியே.

'இவ்வளவு தொல்லைக்கு, தொடக்கத்திலேயே மெக்கானிக்கிடம் போயிருக்கலாமே' என்பது எளிய மறுப்பு. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கூலி கொடுக்க இயலாதவர்களும் கற்றுக்கொள்ள விரும்புபவர்களும் தாமே செய்வதை எந்த அறிவுரையும் நிறுத்தப்போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: தவறிய பின் அவர் மெக்கானிக்கிடம் போனால் உண்மையைச் சொல்வாரா? 'அண்ணே, நான்தான் கிணத்துத் தண்ணி ஊத்தினேன். சிவப்புல அஞ்சு நிமிஷம் ஓட்டினேன்' என்ற இரண்டு வாக்கியங்கள் பரிசோதனையைச் சரியான இடத்தில் தொடங்கிவைக்கும். நாணத்தால் அவற்றை விழுங்கிவிட்டால், நல்ல வாட்டர் பம்ப் மாற்றப்படும். உவர்நீர் உள்ளேயே இருக்கும். செய்த தவற்றைவிட மறைத்த தவறே அதிகச் செலவு வைக்கிறது.

உரையாடலில் நிகழும் திருத்தங்களைப் பற்றி ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் ஆகியோர் 1977இல் எழுதிய கட்டுரை, பேசியவரே தம்மைத் திருத்திக்கொள்வதற்கு உரையாடலின் அமைப்பு முன்னுரிமை தருகிறது என்று காட்டியது. கேட்பவர் பெரும்பாலும் சற்றுப் பொறுத்து அந்த வாய்ப்பை அளிக்கிறார். வசைக்கு முன் 'என்ன ஊத்தினீங்க?' என்று கேட்கும் மெக்கானிக் செய்வதும் இதுவே. ஆய்வு நெறியாளர்களில் எத்தனை பேர் இவ்வாறு பொறுக்கிறார்கள்? தவறாகக் குறியிட்ட தரவு, மீண்டும் எடுக்க வேண்டிய நேர்காணல், பாதியில் கைவிட்ட பகுப்பாய்வு ஆகியவை ஆய்வேட்டில் தடமின்றி மறைகின்றன. அடுத்து வரும் மாணவர் அதே பள்ளத்தில் விழுந்து, தாம் மட்டுமே விழுந்ததாக எண்ணிக் குமைகிறார்.

தமிழ் இலக்கண மரபு வழுக் காத்தலையும் வழுவமைத்தலையும் தனித்தனியே பேசுகிறது. மொழிக்கு வழுவமைதி உண்டு, அலுமினியத்துக்கு இல்லை. அதற்கு வேண்டியது மூன்றாவதான ஒன்று: வழுவிலிருந்து மீளும் முறை. செய்முறை நூல் எழுதுவோரும், அவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் பெயர்ப்போரும், ஆய்வுமுறைப் பாடத்திட்டம் வகுப்போரும் அதற்கென ஓர் இயலை ஒதுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது, எதைத் தொடக்கூடாது, யாரிடம் என்ன சொல்வது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். பட்டறை மொழியில் அத்திரவம் தண்ணீராகவே நீடிக்கட்டும். அது வெறும் தண்ணீர் அன்று என்பதை அந்த இயலின் முதல் வரி சொல்லிவிடலாம்.