மெகாபோனும் கொடியும்

அரசின் திறன் என்றால் எனக்கு வங்கதேசக் கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த 1970இல் போலா புயல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. 2007இல் சிடர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெருந்துயரம்தான். ஆனால் இடையில் அந்த நாடு பணத்தில் புரளவில்லை. 1972இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தை, 1991இல் இன்னொரு புயலில் லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த பிறகும், கைவிடாமல் வளர்த்தது. புகலிடங்கள் பெருகின. மெகாபோனும் எச்சரிக்கைக் கொடியுமாக ஊருக்குள் போகும் தன்னார்வலர் இன்று 70,000க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணே வந்து அழைத்தால் தயங்குபவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். 2020இல் அம்பான் புயலின்போது, கொரோனாவுக்கு நடுவிலும், 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கரையிலிருந்து அகற்றினார்கள்.