தோற்றவர்கள் இருவர், வேலை இழந்தவர் ஒருவர்

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வும் அவரது கையிலிருந்தே தொடங்கும். 2016 பருவத்தில் சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டிநைனர்ஸ் அணியில் அந்த இடத்தில் இருவர் மாறி மாறி நின்றார்கள்: பிளேன் கேபர்ட், கொலின் கேப்பர்னிக். இருவருமே திணறினார்கள். 16 ஆட்டங்களில் அணி வென்றது இரண்டே இரண்டு. இரண்டும் லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக, ஆளுக்கொன்று.

இருவரின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வெற்றி தோல்வியை மட்டும் எடுத்தால் கேப்பர்னிக்தான் மோசம். அவர் தொடக்க வீரராக இறங்கிய 11 ஆட்டங்களில் 10 தோல்வி. கேபர்ட்டுக்கு 5இல் 4 தோல்வி. டிசெம்பரில் சிக்காகோவில் பனிக்குள் நடந்த ஆட்டத்தில் கேப்பர்னிக் பந்தெறிந்து சேர்த்தது வெறும் 4 யார். ஆனால் பருவம் முழுவதையும் பார்த்தால் நிலைமை வேறு. அவர் எறிந்த பந்துகளில் 16 டச்டவுன் வந்தன. எதிரணி பறித்தது 4 மட்டுமே. கேபர்ட்டுக்கு டச்டவுன் 5, பறிகொடுத்தது 6.

2017இல் கேபர்ட்டை அரிசோனா அணி சேர்த்துக்கொண்டது. ஒப்பந்தத்திலிருந்து விலகி வேறு அணி தேடிய கேப்பர்னிக்கை எவரும் எடுக்கவில்லை. அதன்பின் என்.எப்.எல். ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை.

ஆட்டத்தில் இல்லாத ஒரு வித்தியாசம் இருவருக்குமிடையே இருந்தது. கறுப்பின மக்கள் மீதான பொலிஸ் வன்முறையைக் கண்டித்து, 2016 ஓகஸ்டில் தேசிய கீதம் ஒலித்தபோது கேப்பர்னிக் எழுந்து நிற்கவில்லை. பின்னர் முழந்தாளிட்டார்.

"அவர் ஆட்டம் போதாது" என்றார்கள். அது முழுப் பொய்யல்ல. அதனால்தான் அது வசதியான காரணமாயிற்று. அணி உரிமையாளர்கள் கூடிப்பேசித் தன்னை ஒதுக்கியதாக அவர் 2017 ஒக்டோபரில் முறைப்பாடு செய்தார். 2019 பெப்ரவரியில் அது இரகசிய இணக்கத்துடன் முடிந்தது. கூட்டுச் சதி நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேசியதற்காக வேலை இல்லை என்று யாரும் எழுதித் தருவதில்லை. இது நமக்குப் புதிதுமல்ல. ஒருவர் விலக்கப்படும்போது அவரிடம் என்ன குறை என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதே குறையுள்ள மற்றவருக்கு என்ன நடந்தது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.