மண் தின்னும் குழந்தை

கண்ணன் மண் தின்றபோது யசோதை அவனை வாயைத் திறக்கச் சொன்னாள். உள்ளே உலகமெல்லாம் தெரிந்தது. நம்முடைய வீடுகளிலும் தாய்மார்கள் குழந்தையை வாயைத் திறக்கச் சொல்லுகிறார்கள். உள்ளே தெரிவது சுண்ணாம்புக் காரையும் பலப்பத் துண்டும்தான். யசோதைக்கு உண்டானது ஆச்சரியம். இவர்களுக்கு உண்டாவது பயம்.

தம்முடைய மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி ஒரு தாயார் நமக்கு எழுதியிருக்கிறார். வீட்டில் ஒன்றுக்கும் குறைவில்லையாம். பிள்ளைக்கு வேளைக்கு வேளை பால் உண்டாம். ஆயினும் கண் மறைந்தால் போதும், சுவரோரம் உட்கார்ந்து காரையைச் சுரண்டித் தின்கிறானாம். அடித்தாயிற்று, விரலில் வேப்பெண்ணெய் தடவியாயிற்று, தாயத்தும் கட்டியாயிற்று. "வெளியே சொன்னால், பிள்ளைக்குச் சோறு போடாமல் வளர்க்கிறாள் என்று சொல்லுவார்களே என்று வெட்கமாயிருக்கிறது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நம் மனத்தைத் தைத்தது அந்தக் கடைசி வாக்கியந்தான். மண்ணினால் வரும் கெடுதலைக் காட்டிலும் இந்த வெட்கத்தினால் வரும் கெடுதல் பெரிது. வெட்கத்தினால் மறைத்து வைத்த மாதங்களிலெல்லாம் குழந்தைக்குக் கிடைக்கவேண்டிய மருந்து கிடைக்காமல் போய்விடுகிறது அல்லவா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தவழும் குழந்தை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போடுவது வியாதியல்ல. உலகத்தை அது அப்படித்தான் அறிந்துகொள்கிறது. இரண்டு வயது கடந்த பிறகும், மண், சாம்பல், சாக்குக்கட்டி, காகிதம் இவற்றைத் தேடித் தேடி ஒரு மாதத்துக்கு மேல் தின்றுகொண்டிருந்தால்தான் கவனிக்கவேண்டும். இதற்கு வைத்தியர்கள் 'பைக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதையும் கொத்திப் பார்க்கும் ஒரு பறவைக்கு லத்தீன் பாஷையில் வழங்கும் பெயர் அது.

இந்த விபரீத ஆசைக்கும் உடலில் இரும்புச் சத்துக் குறைவதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. சத்துக் குறைந்ததால் மண்ணில் ஆசை பிறக்கிறது. தின்ற மண்ணோ, உணவிலுள்ள சத்தையும் உடலில் சேரவிடாமல் தடுக்கக்கூடும். கடன் தீர்க்கக் கடன் வாங்கின கதைதான்.

பீஹாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரஸாத் 1958-ல் ஈரான் தேசத்து ஷிராஸ் நகரத்தில் ஒரு நோயாளியைக் கண்டார். வயது 21, தோற்றமோ பத்து வயதுப் பையனுடையது. கடுமையான ரத்தச் சோகை. களிமண் தின்னும் வழக்கம் வேறு. மற்றொருவராயிருந்தால் இரும்பு மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். இவர் அப்படி விடவில்லை. இரும்பு குறைந்தால் வளர்ச்சி இவ்வளவு தூரம் நின்றுபோகுமா என்று யோசித்தார். பின்னர் எகிப்து தேசத்திலும் ஆராய்ச்சி நடத்தி, துத்தநாகச் சத்துக் குறைவினாலும் மனிதருடைய வளர்ச்சி குன்றும் என்பதை ஸ்தாபித்தார். மண் தின்ற ஒருவனைப் பரிகாசம் செய்யாமல், "ஏன் தின்கிறான்?" என்று கேட்டதனால் உலகத்துக்குக் கிடைத்த லாபம் இது.

அந்தக் கேள்வியை நம் வீட்டிலும் கேட்கவேண்டும். "எங்கள் வீட்டில் குறைவேது?" என்பவர்கள் பால் விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பசும்பாலில் இரும்புச் சத்து மிகச் சொற்பம். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பாலைக் குடித்த குழந்தைக்குச் சோற்றிலும் கீரையிலும் மனம் செல்லாது. ஆகவே பால் பாக்கியம் நிறைந்த வீட்டிலேதான் சில சமயம் ரத்தச் சோகை குடியிருக்கிறது. 2019-21 வருஷங்களில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தச் சோகை இருப்பதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் 57 பேர். இத்தனை வீடுகளிலும் தாய்மார்கள் சோறு போடாமலா இருக்கிறார்கள்?

மண்ணினால் வேறு அபாயங்களும் உண்டு. அதில் குடற்பூச்சிகளின் முட்டைகள் இருக்கலாம். பழைய சுவர்ப் பூச்சிலும் கதவு வர்ணத்திலும் ஈயம் இருக்கலாம். அது குழந்தையின் மூளையைப் பாதிக்கும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் நம் நாட்டில் 2017-ல்தான் அமலுக்கு வந்தன. அதற்கு முன் பூசிய கதவுகள் எத்தனையோ வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

செய்யவேண்டியது என்ன? குழந்தையை வைத்தியரிடம் அழைத்துச் சென்று, அது எதைத் தின்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இரண்டு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தச் சோகை. அது சரியாயிருந்தாலும் சேமிப்பிலுள்ள இரும்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டும் 'ஃபெரிட்டின்' பரிசோதனையைப் பற்றியும் கேட்கலாம். இரும்பு மருந்து கொடுத்தால் பல குழந்தைகளிடம் மண்ணாசை சில வாரங்களிலேயே அடங்கிவிடுகிறது. அடங்கியதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. சேமிப்பு நிறைய மூன்று மாதமாவது ஆகும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். அது மருந்தின் குணம். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் இரும்பு மருந்து சிறு குழந்தைக்கு நஞ்சு. வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்காமல், புட்டியைக் கைக்கெட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.

முருங்கைக் கீரை, பயறு வகைகள், மாமிசம் உண்பவர்களுக்கு மீன், ஈரல் எல்லாம் நல்லவை. கூடவே எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். காப்பியும் தேநீரும் அதைத் தடுக்கும். பூச்சி மருந்து வருஷத்துக்கு இரு முறை அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் இலவசமாகவே கிடைக்கிறது. ரத்தம் சரியாயிருந்தும் வழக்கம் நீங்காவிட்டால் விஷயத்தை அப்படியே விடலாகாது. பேச்சும் விளையாட்டும் வயதுக்குத் தக்கபடி இருக்கின்றனவா என்று வைத்தியர் பார்க்கவேண்டும்.

தாய்மார்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. பிள்ளையை மண்ணுக்காக அடிக்கும் கை, அரிசிப் பானைக்குள் சென்று ஒரு பிடி பச்சரிசியை எடுத்து ரகசியமாய் வாயில் போட்டுக்கொள்வது பல வீடுகளில் நடப்பதுதான். விபூதியும் சாம்பலும் தின்னத் தோன்றுகிறவர்களும் உண்டு. மசக்கை என்று சிரித்துத் தள்ளிவிடுகிறோம். அதுவும் இதே குறையின் அடையாளமாயிருக்கலாம். ஆகையால் பிள்ளையின் ரத்தத்தைப் பரிசோதிக்கப் போகும் தாய், அன்றைக்கே தம் கையையும் நீட்டிவிட்டு வரட்டும்.