போன் பேசும், காது கேட்குமா?

போன மாதச் சுவரிதழில் ஒருவர், "சின்னப் பிள்ளைகளுக்குச் செல்போனில் பாட்டு வீடியோ காட்டினால் பேச்சு சீக்கிரம் வரும், இங்கிலீசும் வரும்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே யாரோ பென்சிலால் "சூப்பர்" என்று வேறு எழுதி வைத்திருந்தார்கள். அதற்குத்தான் இந்தப் பதில். சண்டைக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் சித்தி பையனுக்கு இரண்டரை வயது. சித்தி பட்டாசு ஆலைக்குப் போகிறார். காலை 7 மணிக்கெல்லாம் வேன் வந்துவிடும். ஆலைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சித்தியின் போன் வீட்டிலேயே இருக்கும். தம்பியும் வீட்டிலேயே இருப்பான். அம்மாச்சி அட்டைப்பெட்டி ஒட்டுவார். கையெல்லாம் பசை. தம்பி அழுதால் தூக்க முடியாது, அதனால் போனைப் போட்டுவிடுவார். சாயங்காலம் வரை பொம்மைப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

அவன் பத்து வரை இங்கிலீசில் எண்ணுவான். "ரெட்டு, புளூ" என்பான். பக்கத்து வீட்டு அத்தை எல்லாம் "ஏ, கலெக்டராத்தான் வருவான் பாரு" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்க மாட்டான். குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று அழுவான். ஸ்ட்ராபெரி படத்தைக் காட்டினால் பெயர் சொல்வான். அதை எங்கள் வீட்டில் ஒருவர்கூடத் தின்றதில்லை. தினமும் தின்கிற முறுக்குக்குப் பெயர் தெரியாது. கூப்பிட்டால் திரும்பவும் மாட்டான். சித்தி ஒருநாள் ராத்திரி, "இவன் என்னை அம்மானு ஒரு வாட்டிகூடக் கூப்பிடலடி" என்று என்னிடம் சொல்லி அழுதுவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

முதலில் அரசு ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். (பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதைத்தான் பார்க்க வேண்டுமாம். அதைப் பார்க்காமல் போன் மேல் பழி போடுவதும் தப்பு. 2013இல் இருந்து அரசு டாக்டர் குழு வருடத்துக்கு 2 முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிற திட்டம் இருக்கிறது. தம்பி தங்கைகளை அன்றைக்கு லீவு போட வைக்காதீர்கள்.) டாக்டரம்மா கேட்ட அடுத்த கேள்வி, "வீட்ல இவன்கூட யார் பேசுவீங்க?" என்பது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பேச்சு என்றால் காதில் விழுந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அறிவியல் சார் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துத் தந்ததைப் படித்த பிறகு அப்படி நினைக்கவில்லை. 2003இல் அமெரிக்காவில் பட்ரீசியா குல் என்கிற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்க வைத்தார்கள். ஒரு தடவைக்கு 25 நிமிசம், மொத்தம் 12 தடவை. சில குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசினார்கள். சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசுவதை டிவியில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்து அறியத் தெரிந்தது. டிவியில் கேட்ட குழந்தைகளுக்கு ஒன்றுமே ஏறவில்லை. அதே ஆள், அதே பேச்சு! 2010இல் வேறொரு சோதனை. 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு வார்த்தை கற்றுத் தருகிற வீடியோவை ஒரு மாதம் போட்டுக் காட்டினார்கள். வீடியோவே பார்க்காத பிள்ளைகளைவிட அவர்கள் அதிகமாக எதையும் கற்கவில்லை. வீடியோ இல்லாமல், வீட்டு வேலைக்கு நடுவில் அம்மா அப்பா சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்தான் முதலிடம்.

இது ஏன் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. கொரோனா சமயத்தில் நான் சின்ன வகுப்பு. டிவியில் பாடம் நடத்தினார்கள். அதில் வருகிற டீச்சர் "புரிஞ்சுதா?" என்று கேட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். நான் டிவிக்கு முன்னால் எழுந்து நின்று, "புரியல டீச்சர்" என்று சத்தமாகச் சொல்வேன். அவர் "ரொம்ப நல்லது" என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை, பெட்டிக்குக் காது இல்லை. எனக்கு அப்போது பேசத் தெரியும், அதனால் சிரித்துவிட்டேன். பேச்சே வராத பிள்ளை என்ன செய்யும்? அது "ம்மா" என்று சொல்லிப் பார்க்கும், போன் பாட்டுக்குப் பாடும். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

அதற்காக வீடியோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1969இல் அமெரிக்கா டிவியில் ஆரம்பித்த செசமி ஸ்ட்ரீட் என்கிற பொம்மை நிகழ்ச்சியைப் பார்த்து, 3 வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் கற்றிருக்கிறார்கள். நம் சென்னையிலேயே 2013இல் தொடங்கிய சுச்சு டிவி பாட்டுகளை உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். ஆனால் வயது முக்கியம். 2 வயது ஆகும் வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒருநாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. தம்பி பார்த்தது ஏழெட்டு மணி நேரம்.

இன்னொரு விசயமும் உண்டு. சித்தப்பா லாரி ஓட்டுகிறார். வெளியூரில் இருந்து வீடியோ காலில் வருவார். "டேய் தங்கம், மூக்கு எங்க?" என்றால் தம்பி மூக்கைத் தொடுவான்! அதுவும் திரைதானே என்று நான் குழம்பினேன். 2014இல் இதையும் சோதித்திருக்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைகள் ரெக்கார்டு செய்த வீடியோவில் இருந்து புது வார்த்தை கற்கவில்லை, ஆனால் எதிரே ஆள் இருந்து பதில் பேசுகிற வீடியோ காலில் இருந்து கற்றார்கள். ஆக, குற்றம் கண்ணாடித் திரையில் இல்லை. பதில் பேச ஆள் இல்லாததில்தான் இருக்கிறது.

"அம்மாக்கள் போன் கொடுப்பதை நிறுத்துங்கள்" என்று எழுதுவது சுலபம். என் சித்தி வேனை விட்டுவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. பெட்டி ஒட்டுகிறவர் கையை நிறுத்தினால் காசு நிற்கும். அதனால் என் கருத்து வேறு. பள்ளிக்கூடம் விட்டதும் 5 மணியில் இருந்து 6 மணி வரை நாம் வீட்டில்தானே இருக்கிறோம்? தம்பி தங்கையை மடியில் வைத்து நாமும் சேர்ந்து வீடியோ பார்க்கலாம். ஆடு வந்தால் நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிற ஆட்டைக் காட்டலாம். நாம் சொல்லிவிட்டு அது வாயைத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் போனுக்கு வராது. அக்காமாருக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை, அண்ணன்மாருக்கும் வாய் இருக்கிறது. அம்மாச்சியும் இப்போது பெட்டி ஒட்டிக்கொண்டே "இது பசை, இது அட்டை, அட்டையை மடிக்கிறேன் பாரு" என்று பேசுகிறார். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இரண்டு மாதமாக இப்படிச் செய்கிறோம். போன வாரம் வேன் வந்து நின்றதும் தம்பி "அம்மா வா" என்றான். சித்தி சாப்பாட்டு வாளியைக் கீழே போட்டுவிட்டார். நேற்று குடத்தைக் காட்டி "தண்ணி தா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து "போன் தா" என்றும் சொன்னான். அதையும் ரெண்டு வார்த்தை என்று அம்மாச்சி கணக்கில் சேர்த்துக்கொண்டார்.